பக்கம் நிற்பதும் பக்கத்தில் இருப்பதும்

1964 ஆகஸ்ட் 4 அன்று, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நெஷோபா என்ற மாவட்டத்தில், பண்ணைக் குளம் ஒன்றுக்காகப் புதிதாக எழுப்பிய மண் அணையைத் தோண்டி மூன்று இளைஞர்களின் உடல்களை வெளியே எடுத்தார்கள். ஜேம்ஸ் சேனிக்கு 21 வயது. கறுப்பர், அருகிலுள்ள மெரிடியன் நகரில் பிறந்து வளர்ந்தவர். ஆண்ட்ரூ குட்மேனுக்கு 20, மைக்கேல் ஷ்வெர்னருக்கு 24. இருவரும் நியூயார்க்கிலிருந்து வந்த யூதர்கள். ஜூன் 21 அன்று, எரிக்கப்பட்ட ஒரு கறுப்பினத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், வண்டியை வேகமாக ஓட்டியதாகச் சொல்லி துணை ஷெரிஃப் ஒருவர் அவர்களைப் பிடித்தார். இரவு பத்து மணிக்கு மேல் விட்டார். பிறகு அவரே துரத்திப் பிடித்து கு க்ளக்ஸ் க்ளான் கும்பலிடம் ஒப்படைத்தார். 44 நாள் நாடே தேடியது.

இந்தக் கொலையைப் பற்றித் திரைப்படம் வந்திருக்கிறது, புத்தகங்கள் வந்திருக்கின்றன. கறுப்பர்களும் யூதர்களும் தோளோடு தோள் நின்றதற்குச் சாட்சியாக இந்த மூன்று பெயர்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்தக் கதையில் மனதை விட்டுப் போகாத இடம் கொலைக்குப் பிறகு வருகிறது. ஷ்வெர்னரின் பெற்றோர் மகனைச் சேனிக்குப் பக்கத்திலேயே புதைக்க விரும்பினார்கள். முடியவில்லை. மிசிசிப்பியில் கல்லறைத் தோட்டங்களும் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரே அணைக்குள் 44 நாள் சேர்ந்து கிடந்தவர்களை வெளியே எடுத்த பிறகு சட்டமும் வழக்கமும் தனித்தனியாக அனுப்பி வைத்தன. சேனி மெரிடியனில் புதைக்கப்பட்டார். குட்மேன் நியூயார்க்கில். ஷ்வெர்னர் எரியூட்டப்பட்டார்.

நம் மொழியில் 'பக்கம்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. 'நான் உன் பக்கம்' என்றால் உன் தரப்பில் நிற்கிறேன் என்று பொருள். 'நான் உன் பக்கத்தில் இருக்கிறேன்' என்றால் உனக்கு அருகில் இருக்கிறேன் என்று பொருள். முதலாவதை எவ்வளவு தொலைவிலிருந்தும் செய்யலாம். இரண்டாவதற்கு உடம்பு வேண்டும், இடம் வேண்டும். நிறப் பிரிவினை என்பது அடிப்படையில் இந்த இரண்டாவதற்கு எதிரான சட்டம். பேருந்து இருக்கையில், பள்ளி பெஞ்சில், நீச்சல் குளத்தில், கல்லறையில் ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அது. அப்படியானால் அந்தச் சட்டத்தை எதிர்த்து இன்னொரு சமூகத்திலிருந்து வந்தவர்கள் செய்தது என்ன? பக்கம் நின்றார்களா, பக்கத்தில் இருந்தார்களா?

இன்று 'தோழமை' என்ற சொல் மலிந்துவிட்டது. நல்ல தோழமையாளராக இருப்பது எப்படி என்று அலுவலக மின்னஞ்சலிலேயே குறிப்புகள் வருகின்றன. அதனால் அந்தச் சொல்லுக்கு உயிரே விலையாக இருந்த ஒரு காலத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

*

1961 செப்டம்பரில் மிசிசிப்பியில் ஹெர்பர்ட் லீ என்ற கறுப்பின விவசாயியை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார். வாக்காளராகப் பதிவு செய்யும் இயக்கத்துக்கு லீ உதவியிருந்தார். கொலையை நேரில் பார்த்த லூயிஸ் ஆலன் முதலில் பயந்து பொய்ச்சாட்சி சொன்னார். பிறகு உண்மையைச் சொல்லத் துணிந்தார். 1964 ஜனவரி 31 அன்று அவரும் சொந்த வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மாதங்களில் 'ஸ்னிக்' என்று அழைக்கப்பட்ட மாணவர் இயக்கத்துக்குள் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து ஆயிரம் மாணவர்களைக் கோடையில் மிசிசிப்பிக்குக் கூட்டி வரலாமா? அவர்களில் பெரும்பான்மையினர் வெள்ளையர்களாக இருப்பார்கள். களத்தில் இருந்த கறுப்பின ஊழியர்கள் பலர் எதிர்த்தார்கள். 'நன்றாகப் படித்தவர்கள், தட்டச்சு தெரிந்தவர்கள் வந்து உட்கார்ந்தால் உள்ளூர்க்காரர் மறுபடி ஓரமாகத்தானே நிற்பார்? வெள்ளைக்காரன் சொன்னால் தலையாட்டும் பழக்கத்தை உடைக்கத்தானே இவ்வளவு நாள் பாடுபட்டோம்?' இதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம். இயக்கத்தின் மையமாக இருந்த பாப் மோசஸ் இந்தத் தயக்கத்தை அறிந்தவர். ஆனால் லூயிஸ் ஆலனின் சாவுக்குப் பிறகு அவர் திட்டத்தின் பக்கம் தன் முழு எடையையும் வைத்தார்.

மறுபக்கத்து வாதம் கொடூரமாக எளிமையானது. கறுப்பர் செத்தால் செய்தியில்லை. வெள்ளை மாணவனுக்கு ஆபத்து என்றால் கேமரா வரும், கேமரா வந்தால் மத்திய அரசு வரும். முந்தைய ஆண்டு இலையுதிர்காலத்தில் யேல், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலர் வந்தபோதே அதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். அதாவது, ஒரு சமூகம் மனித உயிர்களுக்கு வைத்திருந்த அநியாயமான விலைப்பட்டியலைத் தெரிந்துகொண்டே பயன்படுத்துவது என்று முடிவெடுத்தார்கள்.

நடந்ததும் அப்படியே. மூவரும் காணாமல் போனதும் நூற்றுக்கணக்கான கடற்படையினர் சதுப்பு நிலங்களில் இறங்கித் தேடினார்கள். அதிபர் ஜான்சன் பெற்றோரைச் சந்தித்தார். எஃப்.பி.ஐ. ஜாக்சன் நகரில் அலுவலகம் திறந்தது. தேடுதல் நடந்துகொண்டிருந்த ஜூலையில் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியில் வேறு உடல்கள் கிடைத்தன. சார்லஸ் மூர், ஹென்றி டீ. இருவருக்கும் 19 வயது, இருவரும் கறுப்பர்கள். மே மாதமே க்ளான் கும்பல் அவர்களைக் கடத்திக் கொன்றிருந்தது. தேடப்பட்டவர்கள் இவர்கள் இல்லை என்று தெரிந்ததும் பத்திரிகைகளின் ஆர்வம் வடிந்தது. அந்த வழக்கில் ஒருவருக்குத் தண்டனை கிடைக்க 2007 ஆனது.

மைக்கேலின் மனைவி ரீட்டா ஷ்வெர்னருக்கு அப்போது 22 வயதுதான். கணவரைக் காணவில்லை. அந்த நிலையிலும் பத்திரிகையாளர்களிடம் அவர் ஒன்றைச் சொல்லத் தவறவில்லை: சேனி மட்டும் காணாமல் போயிருந்தால் நீங்கள் யாரும் இங்கே வந்திருக்க மாட்டீர்கள். தோழமை என்ற சொல்லுக்கு நான் கண்ட மிக நேர்மையான விளக்கங்களில் இதுவும் ஒன்று. தன் துயரத்தின் மீது விழுந்த வெளிச்சத்தை அவர் பக்கத்தில் இருந்தவர் மீது திருப்பினார். அந்த வெளிச்சம் ஏன் தன் மீது விழுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

சரி, இதில் அறச்சிக்கல் எங்கே? மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்று காண்ட் சொன்னதை வைத்துக் கேட்டால், அந்த மாணவர்களைக் கருவியாக்கினார்களா என்ற கேள்வி வரும். ஆபத்தைச் சொல்லியே அழைத்தார்கள். 21 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிணைக்காக 500 டாலர் காட்ட வேண்டும். தெரிந்தே வந்தார்கள். ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம்.

எனக்கு இதைவிடக் கடினமாகத் தெரிவது அடுத்த கேள்வி. விலைப்பட்டியலைக் கிழிக்க அதே விலைப்பட்டியலைப் பயன்படுத்தினால், அது மேலும் உறுதியாகாதா? உறுதியாகும் என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உறுதியாகும். மூரும் டீயும் மறக்கப்பட்டது அந்த உறுதிப்பாட்டின் விளைவு. ஆனால் பயன்படுத்தாமல் இருந்தால் லூயிஸ் ஆலன்கள் சத்தமில்லாமல் செத்துக்கொண்டே இருப்பார்கள். தோழமைக்காரரின் பயனே அவர் எதிர்க்கும் அநீதியிலிருந்துதான் வருகிறது. இந்த முரண்பாட்டிலிருந்து தப்பிக்க வழி இல்லை. அந்த முரண்பாட்டுக்குள் எப்படி நடந்துகொள்வது என்பது மட்டுமே கையில் இருக்கிறது. ரீட்டா நடந்துகொண்டது ஒரு வழி.

*

அந்தக் கோடையில் வந்த வெள்ளையர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை யூதர்கள் என்று கணக்கு சொல்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையில் அன்று யூதர்கள் சுமார் 3 சதவீதம்தான். ஏன் இத்தனை பேர்?

எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் நினைவு. ராபி யோவாகிம் பிரின்ஸ் பெர்லினில் யூத மதகுருவாக இருந்தவர். 1937-ல் நாஜி அரசு அவரை வெளியேற்றியது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங்குக்குச் சற்று முன்னால் அவர் பேசினார். ஹிட்லரின் கீழ் வாழ்ந்ததில் தான் கற்ற பாடம், வெறுப்பைவிடப் பெரிய ஆபத்து வேடிக்கை பார்ப்பவர்களின் மௌனம் என்பதே என்றார். 1965-ல் செல்மா பேரணியின் முன்வரிசையில் நடந்த ராபி ஆபிரகாம் யோசுவா ஹெஷல் வார்சாவில் பிறந்தவர். தாயையும் சகோதரிகளையும் நாஜிகளிடம் இழந்தவர். அன்று தன் கால்கள் பிரார்த்தனை செய்ததுபோல உணர்ந்ததாகப் பிறகு சொன்னார்.

இந்த நினைவு வெறும் உணர்ச்சி இல்லை. 1934 ஜூன் 5 அன்று பெர்லினில் நாஜிச் சட்ட வல்லுநர்கள் கூடி, பின்னாளில் நூரம்பர்க் சட்டங்களாக மாறவிருந்ததைப் பற்றி விவாதித்தபோது, கலப்பு மணத்தைத் தடைசெய்த அமெரிக்க மாநிலச் சட்டங்களை மேசையில் வைத்துத்தான் பேசினார்கள். இரண்டு சமூகங்களின் மீது விழுந்த அடிக்கும் இடையே காகிதத்தாலான ஒரு தொடர்பு இருந்தது.

ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பேராசிரியர்கள் சிலருக்கு அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கவில்லை. தெற்கின் கறுப்பினக் கல்லூரிகள் இடம் கொடுத்தன. தோழமை என்றால் யூதர் கறுப்பருக்குச் செய்த உதவி என்றே நாம் பேசுகிறோம். ஆனால் இங்கே கதவைத் திறந்தவர்கள் கறுப்பர்கள். அப்படி மிசிசிப்பியின் டூகலூ கல்லூரிக்கு வந்தவர் எர்ன்ஸ்ட் போரின்ஸ்கி. அவர் தன் கூட்டங்களுக்கு வெளியிலிருந்து வெள்ளையர்களையும் அழைப்பார். தன் மாணவர்களை முன்கூட்டியே வரச் சொல்லி, ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்வார். தாமதமாக வரும் வெள்ளையர்களுக்கு ஒரு கறுப்பர் பக்கத்தில் உட்காருவதைத் தவிர வேறு வழி இருக்காது. முழக்கம் இல்லை, சண்டை இல்லை. ஆனால் அந்த மாநிலத்தின் அடித்தளத்தையே அசைக்கும் காரியம்.

நினைவு மட்டுமே காரணமா என்றால் அதுவும் இல்லை. ஒருவரைக் காக்கும் சட்டம் மற்றவரையும் காக்கும் என்ற சுயநலக் கணக்கும் இருந்தது. அதில் தப்பொன்றும் இல்லை. மைக்கேல் ஷ்வெர்னரோ மத நம்பிக்கை இல்லாதவர். மனிதன் என்ற அடையாளமே தனக்குப் போதும் என்று நினைத்தவர். அவரை 'யூதத் தோழமை'யின் சின்னமாக ஆக்குவது அவர் விரும்பாத சட்டையை அவருக்குப் போட்டுவிடுவதுபோல எனக்குப் படுகிறது.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. 'நாங்களும் பட்டிருக்கிறோம்' என்ற வாக்கியம் கதவைத் திறக்கும். அதே வாக்கியம் சில நேரம் கதவைச் சாத்தவும் செய்யும். 1915-ல் ஜார்ஜியாவில் லியோ ஃபிராங்க் என்ற யூதத் தொழிற்சாலை மேலாளரை ஒரு கும்பல் சிறையிலிருந்து கடத்தித் தூக்கிலிட்டது. அவர் செய்யாத கொலைக்காக என்பதே இன்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோரின் கருத்து. அமெரிக்க யூதர்களின் நெஞ்சில் இன்றும் ஆறாத காயம் அது. ஆனால் அந்த வழக்கு விசாரணையில் ஃபிராங்கின் வழக்கறிஞர்கள் செய்தது என்ன? அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சியான ஜிம் கான்லி கறுப்பர் என்பதைச் சொல்லிச் சொல்லி, கறுப்பன் பொய் சொல்வான் என்ற இனவெறிப் பேச்சையே ஆயுதமாக்கினார்கள். பலியானவர் தரப்பும் கையில் கிடைத்த விலைப்பட்டியலை எடுத்து வீசியது. துன்பம் யாரையும் தானாகவே நல்லவராக்கி விடுவதில்லை. அது ஒரு வாய்ப்பைத் தருகிறது, அவ்வளவுதான்.

ஜேம்ஸ் பால்ட்வின் 1967-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த இடத்தைத்தான் தொட்டார். அவர் வளர்ந்த ஹார்லெமில் வீட்டுக்காரர் யூதர், மளிகைக்காரர் யூதர். அமெரிக்காவில் யூதர் வெள்ளையராக மாறிவிட்டார், வேறெங்கோ பட்ட துன்பத்தின் வரலாறு ஹார்லெம் வாடகையைக் குறைக்கவில்லை என்பது அவர் வாதத்தின் திசை. கசப்பான கட்டுரைதான். எல்லா வரிகளோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் நினைவு ஒன்று, இப்போது நிற்கும் இடம் இன்னொன்று என்று அவர் பிரித்துக் காட்டியது சரி.

*

தோழமையை அளக்க எனக்குத் தெரிந்த ஒரு கேள்வி: முடிவெடுத்தது யார்?

ஜூலியஸ் ரோசன்வால்ட், சியர்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த யூதப் பணக்காரர். புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து 1912 முதல் 1932 வரை தெற்கில் கறுப்பினக் குழந்தைகளுக்காக 5,000-க்கும் மேற்பட்ட பள்ளிக் கட்டடங்கள் எழக் காரணமாக இருந்தார். பின்னாளில் போராட்டத் தலைவரான ஜான் லூயிஸ் அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர்தான். ஆனால் பணத்தில் ஒரு பங்கை உள்ளூர் மக்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்பது நிபந்தனை. வரி கட்டிய மக்கள், தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்காக மறுபடியும் கொடுத்தார்கள். கோழி விற்றும் பருத்தி விற்றும் உடலுழைப்பாகவும் கொடுத்தார்கள். கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ரோசன்வால்ட் நிதி சுமார் 43 லட்சம் டாலர், கறுப்பின மக்கள் சுமார் 47 லட்சம் டாலர். பெயர் மட்டும் 'ரோசன்வால்ட் பள்ளி'. அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பள்ளிகள் இல்லாமல் ஒரு தலைமுறையே எழுத்தறியாமல் போயிருக்கும். ஆனாலும் அவை பிரிவினைக்கு உள்ளேயே கட்டப்பட்டவை. ஒரு தரப்பின் பக்கம் நின்றவை, யாரையும் யார் பக்கத்திலும் உட்கார வைக்கவில்லை.

என்.ஏ.ஏ.சி.பி. 1909-ல் தொடங்கியது. பெரும் வழக்குகளை நடத்தியது, பள்ளிப் பிரிவினையை உடைத்தது. அதன் தலைவர் நாற்காலியில் 1930 முதல் 1975 வரை மூன்று யூதர்கள் ஒருவர் பின் ஒருவராக இருந்தார்கள். அன்றாட நிர்வாகத்தை 1920-லிருந்தே கறுப்பினச் செயலாளர்கள் நடத்தினார்கள் என்பது உண்மை. அந்தத் தலைவர்கள் உழைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஒரு கறுப்பின இளைஞர் 1966-ல் அந்த நாற்காலியைப் பார்த்து 'இது எப்போது எங்களுக்கு?' என்று கேட்டால் அதை நன்றிகெட்டதனம் என்று சொல்ல முடியுமா? அந்த ஆண்டு இறுதியில் ஸ்னிக் அமைப்பு, வெள்ளையர்கள் இனி உறுப்பினராக இருக்க வேண்டாம் என்று வாக்கெடுத்து முடிவு செய்தது. பலருக்கு அது துரோகமாகப் பட்டது. எனக்கு அது 1963-ல் தொடங்கிய அதே வாக்குவாதத்தின் தொடர்ச்சியாகத்தான் தெரிகிறது. வந்தவர்களுக்கு வலித்தது உண்மை. வலித்தது என்பதாலேயே முடிவு தவறாகிவிடாது.

இதற்கு மறுபுறமாக ஒரு காட்சி. 1964 ஜூன் 18, மூவர் கொலைக்கு மூன்று நாள் முன்னால். ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரத்துக்கு வரும்படி கிங் அழைத்ததால் வந்த 16 ராபிகள் அன்று கைதானார்கள். ஒரு விடுதி வாசலில் அவர்கள் பிரார்த்தனை செய்துகொண்டிருந்த நேரத்தில், கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து அந்த விடுதியின் நீச்சல் குளத்தில் இறங்கினார்கள். விடுதி மேலாளர் குளத்தில் அமிலத்தை ஊற்றினார். ஒரே தண்ணீரில் பக்கத்தில் இருப்பது அவ்வளவு பொறுக்க முடியாத காரியமாக இருந்தது. ராபிகள் சிறையில் இரவோடு இரவாக, தாங்கள் ஏன் வந்தோம் என்று ஒரு கடிதம் எழுதினார்கள். அதில் அவர்கள் தங்களை வீரர்களாகக் காட்டிக்கொள்ளவில்லை. இவ்வளவு தாமதமாக வந்ததற்கான வெட்கம் அதில் இருக்கிறது. அழைத்தவர் கிங், திட்டம் அங்கிருந்த இயக்கத்தினுடையது. இவர்கள் சொன்ன இடத்தில் போய் நின்றார்கள்.

*

வந்துபோனவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கேயே வாழ்ந்த யூதர்கள்?

தெற்கின் சிறுநகரங்களிலும் யூதக் குடும்பங்கள் இருந்தன. பலர் கடை வைத்திருந்தவர்கள். வாடிக்கையாளரில் இரு நிறத்தவரும் உண்டு. க்ளான் அவர்களையும் வெறுத்தது. பெரும்பாலானோர் வாய் திறக்கவில்லை. கிங் 1963-ல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதம், 'பொறுங்கள்' என்று சொன்ன எட்டு வெள்ளை மதகுருமார்களுக்கான பதில். அந்த எட்டுப் பேரில் ஒருவர் ராபி மில்டன் கிராஃப்மேன். வடக்கிலிருந்து வருபவர்கள் வீரம் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள், குண்டு விழுவது எங்கள் தலையில் என்று உள்ளூர் யூதர்கள் புலம்பினார்கள்.

அந்தப் பயம் கற்பனையல்ல. ஜாக்சன் நகர ராபி பெரி நஸ்பாம், சிறையில் இருந்த விடுதலைப் பயணிகளைப் போய்ப் பார்த்துவந்தவர். 1967 செப்டம்பரில் அவருடைய யூத ஆலயத்தில் குண்டு வெடித்தது, நவம்பரில் அவர் வீட்டில். 1968 மே மாதம் மெரிடியனில், அதாவது ஜேம்ஸ் சேனியின் ஊரில், யூத ஆலயம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது.

இங்கே தீர்ப்பு சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. விமானச் சீட்டு கையில் உள்ளவரின் துணிச்சலையும், பிள்ளைகள் அதே ஊர்ப் பள்ளியில் படிப்பவரின் மௌனத்தையும் ஒரே தராசில் போட முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். பயப்படும் உரிமை சேனிக்கும் இருந்தது. அவருக்கு அந்த ஊரைத் தவிர வேறு ஊர் இல்லை. குட்மேன் ஏன் மிசிசிப்பிக்குப் போனார் என்று எல்லோரும் கேட்கிறோம். சேனி ஏன் போராடினார் என்று யாரும் கேட்பதில்லை, அது அவர் வேலை என்பதுபோல. அவரும் அன்று காலை வீட்டிலேயே இருந்திருக்கலாம். அவரும் தேர்ந்தெடுத்துத்தான் வண்டியை ஓட்டினார்.

*

கடைசியாக மிகச் சிக்கலான இடத்துக்கு வருகிறேன். ஆயிரம் மைல் தள்ளி நடக்கும் அநீதிக்கு எதிராகப் பக்கம் நின்றவர்கள், அந்தக் கேள்வி தங்கள் தெருவுக்கு வந்தபோது என்ன செய்தார்கள்?

நியூயார்க்கின் புரூக்ளினில், ஓஷன் ஹில் – பிரவுன்ஸ்வில் பகுதியில் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளை உள்ளூர் மக்கள் குழுவே நிர்வகிக்கட்டும் என்று 1967-ல் ஒரு பரிசோதனை தொடங்கியது. 1968 மே மாதம் அந்தக் குழு ஆசிரியர்களும் அதிகாரிகளுமாக 19 பேரை வெளியேற்றும் கடிதம் அனுப்பியது. பெரும்பாலும் யூதர்கள். ஆசிரியர் சங்கத்திலும் யூதர்களே அதிகம். சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர், செல்மாவுக்குப் போய் நடந்தவர். அந்த ஆண்டு நகரம் முழுக்க மொத்தம் 36 பள்ளி நாள்கள் வேலைநிறுத்தம். யூதர்களை இழிவுபடுத்தும் ஒரு துண்டுப் பிரசுரம் பள்ளியில் முளைத்தது. சங்கமே அதை லட்சக்கணக்கில் அச்சடித்து ஊரெல்லாம் பரப்பியது. நட்பு கிழிந்துபோனது.

விசாரணை இல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து தூக்குவது தவறு என்ற ஆசிரியர்களின் வாதம் நியாயமானது. கறுப்பினத் தலைவர் பேயார்ட் ரஸ்டினே சங்கத்தின் பக்கம் நின்றார். எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் எங்களுக்கு ஏன் குரல் இல்லை என்ற பெற்றோரின் வாதமும் நியாயமானது. வேலைநிறுத்தத்தை மீறி அந்தப் பள்ளிகளில் பாடம் நடத்த வந்த புதிய ஆசிரியர்களிலும் கணிசமானவர்கள் யூதர்கள். ஆக, 'யூதர் எதிர் கறுப்பர்' என்ற ஒற்றை வரிக்குள் இது அடங்காது.

ஆனாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. செல்மாவில் ஷாங்கர் இழக்கக்கூடியது உடல் நலம், உயிர்கூட. புரூக்ளினில் கேட்கப்பட்டது அதிகாரம், இடம், மூப்புரிமை. முதலாவதைத் துணிச்சலாகக் கொடுக்க முன்வந்தவரால் இரண்டாவதைக் கொடுக்க முடியவில்லை. அவர் போலி என்பதால் அப்படி நடந்ததாக நான் நினைக்கவில்லை. முதலாவதில் எதிரி தெளிவாகத் தெரிகிறான், நாம் நல்லவர்களாக இருக்கிறோம். இரண்டாவதில் நாமே பிரச்சினையின் ஒரு பகுதி. அந்தக் கிழிசலுக்குப் பிறகு பல வருடங்கள் ஓடிய பேச்சு, 'அவங்களுக்காக நம்ம பசங்க செத்தாங்களே, இதுவா கைம்மாறு?' என்பது. கடனாகக் கொடுத்திருந்தால்தான் வட்டி கேட்கலாம். குட்மேனும் ஷ்வெர்னரும் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. அவர்களுடைய சாவைக் கடன் பத்திரமாக மாற்றியவர்கள் மற்றவர்கள்.

சொந்தத் தெருவிலேயே பக்கத்தில் இருந்தவர்களும் உண்டு. பென்சில்வேனியாவின் லெவிட்டவுன், வில்லியம் லெவிட் கட்டிய புறநகர். அவர் யூதர். கறுப்பர்களுக்கு வீடு விற்பதில்லை என்பது அவருடைய நிறுவனத்தின் கொள்கை. 1957 ஆகஸ்டில் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம், முதல் உரிமையாளரிடமிருந்து ஒரு வீட்டை வாங்கிக் குடிவந்தது. கும்பல் கூடிக் கல்லெறிந்தது. பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் லூ வெக்ஸ்லரும் பீ வெக்ஸ்லரும், யூதத் தம்பதி. மையர்ஸ் குடும்பம் அங்கே வர உதவியவர்கள் அவர்களே. அவர்கள் வீட்டுச் சுவரில் க்ளானின் மூன்று எழுத்துகளைப் பூசிவிட்டுப் போனார்கள். அவர்கள் விமானம் ஏறி எங்கும் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களாகவே இருந்தார்கள். லெவிட்டும் வெக்ஸ்லர்களும் ஒரே சமூகம், ஒரே புறநகர். ஒரே வரலாற்று நினைவு இரண்டு பேரை இரண்டு திசையில் கொண்டுபோயிருக்கிறது. அதனால்தான் 'யூதர்கள் ஏன் வந்தார்கள்' என்ற கேள்வியைவிட 'வெக்ஸ்லர்கள் ஏன் நகரவில்லை' என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

*

மூவர் கொலைக்கு மிசிசிப்பி மாநிலம் நாற்பது ஆண்டுகளாக யார் மீதும் கொலை வழக்கே போடவில்லை. 1967-ல் மத்திய அரசு, குடிமை உரிமைகளைப் பறிக்கச் சதி செய்ததாக வழக்கு நடத்தி ஏழு பேருக்குத் தண்டனை வாங்கித் தந்தது. யாரும் ஆறு வருடத்துக்கு மேல் சிறையில் இல்லை. திட்டத்தை முன்னின்று நடத்திய எட்கர் ரே கில்லன் அன்று தப்பித்தார். ஒரு போதகரைத் தண்டிக்க மாட்டேன் என்று ஜூரியில் ஒருவர் பிடிவாதமாக நின்றார். 2005 ஜூன் 21 அன்று, சரியாக 41 ஆண்டுகள் கழித்து, கில்லன் குற்றவாளி என்று நெஷோபா மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்பானது. கொலையாக அல்ல, அதற்குக் கீழான மரணம் விளைவித்த குற்றமாக. 60 ஆண்டு சிறை.

அந்த வழக்கில் சாட்சி சொல்ல இரண்டு தாய்மார்கள் வந்திருந்தார்கள். ஃபேனி லீ சேனிக்கு 82 வயது, கேரலின் குட்மேனுக்கு 89. மகன் செத்த பிறகு ஃபேனி லீ சேனிக்கு ஊரில் யாரும் வேலை தரவில்லை, மிரட்டல்கள் வந்தன, நியூயார்க்குக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. குட்மேன் தன் பெற்றோருக்கு அனுப்பிய கடைசி அஞ்சலட்டையில், நல்லபடியாக வந்து சேர்ந்தேன், ஊர் நன்றாக இருக்கிறது என்ற பொருளில் எழுதியிருந்தார். அதை அவர் தாய் நீதிமன்றத்தில் வாசித்தார். இரண்டு பேரும் அதே சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கினார்கள். 2007-ல் மூன்று மாத இடைவெளியில் இருவரும் இறந்துபோனார்கள்.

மெரிடியனுக்கு வெளியே ஜேம்ஸ் சேனியின் கல்லறைக் கல்லைப் பலமுறை சிதைத்திருக்கிறார்கள். யாரும் பெயர்த்துத் தள்ளிவிடாமல் இருக்க, இப்போது கல்லுக்குப் பின்னால் இரும்புத் தாங்கிகள் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் மைக்கேல் ஷ்வெர்னர் இல்லை. அந்த இடம் யாருக்காகக் கேட்கப்பட்டது என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கலாம்.